இரண்டு முழத்துக்கு ஒரு தூது

யாரையாவது மானஸ்தன் என்று யாராவது புகழ ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிச்சல் ஏறும். அந்தச் சொல்லை அவ்வளவு கேட்டுவிட்டேன். பிள்ளையார்பாளையத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் என் மாமனாருக்குத் தெரு கொடுத்திருந்த பட்டம் அது. அதற்காக அவர் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. பெற்ற பிள்ளையிடம் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான்.

நான் ஆரணிக்காரி. எங்கள் வீட்டிலும் தறிதான், பட்டுதான். ஆனால் எங்கள் வீட்டுச் சண்டை தெருக்கோடி டீக்கடை வரைக்கும் கேட்கும். அப்பா அண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசுவார், அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான், அம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள், கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே குண்டானிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போம். கௌரவமான குடும்பம் என்று யாரும் எங்களைச் சொன்னதில்லை. கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்தபோது புகுந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தாததைப் பார்த்து, நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன். பத்தொன்பது வயதில் அதற்கு மேல் புத்தி ஓடவில்லை.

வீட்டில் மாமனார், மாமியார், ஒரு பட்டுக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி. தம்பிக்கு இருபது வயது. நல்ல வாயாடி. சினிமா பார்த்துவிட்டு வந்தால் மூன்று நாளைக்குக் கதாநாயகன் குரலிலேயே பேசுவான். அவனும் மாமனாரும் ஒரே தறியில் உட்கார்ந்து நெய்தார்கள். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். பெரியவர் நடுவில் உட்கார்ந்து, குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் முக்கிய நாடாவைத் தள்ளுவார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு உண்டான நாடாவைத் தள்ள வேண்டும். உடம்பு நூலும் கரை நூலும் கைகோக்கும் இடம் பிசகக் கூடாது. அதனால் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆடிக்கு என்னை ஆரணிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆவணியில் திரும்பி வந்தால் வீட்டில் தறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மாமியாரை விசாரித்தேன். "உங்க மாமா சின்னவன்கிட்ட பேசறதில்லமா. நீ ஒண்ணும் கண்டுக்காத" என்றாள், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

நடந்ததை என் வீட்டுக்காரர் அப்புறம் சொன்னார். நெய்து முடித்த கல்யாணச் சேலையை அப்பாவும் பிள்ளையும், பட்டு நூல் கொடுத்து நெய்யவைக்கும் முதலாளி கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த முதலாளி, உடம்பும் கரையும் சேரும் இடத்தில் பல் பல்லாக விட்டிருப்பதைக் காட்டி, சின்னவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கரைப் பக்கம் உட்காருகிறவன் அவன்தானே. கவனமில்லை, சினிமாக் கிறுக்கு, அது இது என்று நாலு பேர் எதிரில் ஏசியிருக்கிறார். மாமனார் வாயைத் திறக்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பிள்ளை, "நான் சரியாத்தான் போட்டேன். எங்கப்பாவுக்குக் கண்ணு சரியா தெரியல, அவரு தள்ளறதுதான் தப்புது" என்று சொல்லிவிட்டான்.

உண்மை. மாமனாருக்கு ஊசியில் நூல் கோக்க முடியாது, சோற்றில் கல் தெரியாது. ஒரு கண்ணாடி வாங்கி மூக்கில் மாட்டியிருந்தால் தீர்ந்துபோயிருக்கும் சமாசாரம். ஆனால் கண்ணாடி போட்டால் கை போய்விட்டது என்று தெரு பேசுமாம். அதனால் அந்த மனிதர் கண்ணாடி போடுவதற்குப் பதிலாகப் பிள்ளையை விலக்கிவைத்தார்.

விலக்கிவைத்தார் என்றால் வீட்டை விட்டு அனுப்பவில்லை. அப்படி அனுப்பியிருந்தாலாவது எங்கேயாவது போய்ப் பிழைத்திருப்பான். அதே தறி, அதே பலகை, இரண்டு முழத் தூரத்தில் அவன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் முழங்கை இடிக்காத குறையாக உட்கார்ந்துகொண்டு பேசவில்லை. நெசவு நடக்க வேண்டுமே? அதற்குத்தான் வீட்டுக்கு மருமகள் வந்திருந்தாள்.

"அவன சாப்ட வரச் சொல்லும்மா" என்பார் மாமனார். அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான்.

நான் சமையல்கட்டிலிருந்து வந்து, "தம்பி, மாமா உங்கள சாப்ட வரச் சொல்றாரு" என்பேன்.

"கரையில இந்தப் பூவு முடிச்சிட்டு அப்பால வரேன்னு சொல்லுங்க அண்ணி."

"மாமா, பூவு முடிச்சிட்டு அப்பால வராராம்."

"சோறு ஆறிப்போவும்னு சொல்லு."

இப்படியே போகும். கரை நூல் அறுந்தால் என்னைக் கூப்பிடுவார். அடுப்பில் உலை பொங்கி வழிந்துகொண்டிருக்கும், நான் ஓடி வந்து, இரண்டு பேருக்கும் கண்ணெதிரில் அறுந்து கிடக்கும் நூலைப் பற்றி ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லிவிட்டு ஓட வேண்டும். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு மாமியார் கண்டித்தாள். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

தெருவில் இதற்கு எப்பேர்ப்பட்ட மரியாதை தெரியுமா! சாயங்காலம் பிள்ளையார் கோயில் பக்கம் உட்காரும் ஆண்கள் கூட்டத்தில் அவரவர் வீட்டு மௌனங்களை எடுத்துவைப்பார்கள். ஒருவர் தம்பியோடு பேசிப் பல வருஷம் ஆயிற்று என்பார். இன்னொருவர் மச்சான் சாவுக்குக்கூடப் போகவில்லை என்பார். பேசினவன் கெட்டான், பேசாதவன் பெரிய மனுஷன். என் மாமனார் அந்தக் கூட்டத்தில் போய், "நான் வாயத் தொறக்கறதில்லப்பா. ஒரே தறியில உக்காந்துக்கினு, ஒரு வார்த்த கெடையாது" என்று சொல்வாராம். மற்றவர்கள் வாயைப் பிளப்பார்களாம். சீ என்று இருக்கும் எனக்கு. இருபது வயதுப் பையன் ஒருவனை வாட விட்டு, அதை வைத்து மார்தட்டிக்கொள்ள ஒரு கூட்டம்.

கொழுந்தன் சும்மா இருக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தான். தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்காரும்முன் அப்பா காலில் விழுந்தான். மாமனார் காலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, பாதையில் கிடக்கும் ஈரத்துணியைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போனார். பையன் எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று. மாமியார் பலகாரத் தட்டை நீட்டி, "சாப்டுடா, நல்ல நாளு" என்றாள். அன்றைக்கு அவளிடமும் எனக்கு மரியாதை போயிற்று.

அதற்குப் பிறகு அவன் சினிமாவுக்குப் போவதை விட்டான். கூட்டாளிகள் வாசலில் வந்து சைக்கிள் மணி அடித்தால் இல்லையென்று சொல்லச் சொன்னான். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவான். ராத்திரி தூங்குகிறானா என்றும் தெரியாது, காலையில் கண் சிவந்திருக்கும். ஒருநாள் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "நான் இந்த வூட்டுக்குத் தண்டம் அண்ணி" என்றான். நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவங்க ரெண்டு பேரு விஷயம், நீ நடுவுல பூராத" என்று பேப்பரைப் புரட்டினார். நடுவில் புகாதே என்று என்னிடம் சொல்கிறார், அந்த வீட்டில் நான் வேறெங்கே இருந்தேன்? மாமியார் அவன் கையில் ஒரு தாயத்தைக் கட்டினாள். அத்தோடு அவள் கடமை முடிந்தது.

தை மாதத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் இறந்துபோனாள். பதினெட்டு வயது இருக்கும். தன்னைத் தானே முடித்துக்கொண்டாள். தெரு முழுக்க அது தெரியும். தெரு முழுக்க ஒரே குரலில் சொன்னது: வயிற்று வலி. தீராத வயிற்று வலியாம், தாங்க முடியாமல் போய்விட்டாளாம். நான் கேட்ட கணக்கில் இளம் பிள்ளைகளுக்கு அந்த ஊரில் வயிற்று வலியைத் தவிர வேறு நோயே கிடையாது. வீட்டில் அடைத்துவைத்தாலும் வயிற்று வலி, பரீட்சையில் தவறினாலும் வயிற்று வலி, விரும்பினவனைக் கட்டிவைக்காவிட்டாலும் வயிற்று வலி. அந்தப் பெண்ணோடு அவள் வீட்டிலும் யாரும் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். யாரோ ஒரு பையனோடு சாயப்பட்டறைப் பக்கம் நின்று பேசினாள் என்று அவள் அண்ணன்மார்கள் அவளைக் கண்ணாலும் பார்ப்பதில்லை.

துக்கம் கேட்கப் போனபோது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாதாம்மா இருந்தா. ஒரு வாரமா சிரிச்சிக்கினு இருந்தா. ரிப்பன், வளையலு எல்லாத்தையும் அக்கா பொண்ணுங்களுக்குத் தூக்கிக் குடுத்தா. மனசு தெளிஞ்சிடுச்சின்னு நெனச்சேனே" என்று அழுதாள். அந்தத் தாயை மட்டும் என்னால் வெறுக்க முடியவில்லை.

மாசி பிறந்ததும் என் கொழுந்தன் தெளிந்தான்.

தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரினான். வேளைக்குச் சாப்பிட்டான். காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து மாமியாருக்குக் குங்குமம் கொடுத்தான். உயிராய் வைத்திருந்த சைக்கிளைக் கூட்டாளி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு நடந்து வந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்கு அண்ணி, அவன் தூரத்துல வேலைக்குப் போறான்" என்றான். மறுநாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து, அண்ணன் கட்டிக்கொள்ளட்டும் என்றான்.

மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "புள்ளைக்கு பக்குவம் வந்துடுச்சி, எல்லாம் அந்த அம்மாதான்" என்று விளக்கு ஏற்றினாள். மாமனார் பிள்ளையார் கோயில் கூட்டத்தில் பாடம் நடத்தினார். "பாத்தீங்களா? அடிச்சி இன்னா ஆவப்போவுது? பேசாம வுட்டா தன்னால வழிக்கு வருவான்." இது என் காதுக்கு வந்தபோது கையிலிருந்த கடிகாரம் எனக்கு நெருப்பாகச் சுட்டது. ஆரணியில் என் அப்பா இப்படிப் பேசியிருந்தால் என் அம்மா கரண்டியால் போட்டிருப்பாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு ஆனதும் கிணற்றடியில் அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். கேட்கலாமா, கேட்டால் நாமே வழிகாட்டின மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பயம். கேட்காமல் இருந்தவர்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுத்தானே வந்திருக்கிறோம் என்று தோன்றியது. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"தம்பி, செத்துப் போவலாம்னு இருக்கீங்களா?"

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்து மழுப்பவுமில்லை. பாரம் சுமந்து வந்தவனிடம் யாரோ ஒரு பக்கம் பிடிக்கட்டுமா என்று கேட்டால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"ஆமா அண்ணி" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நான் இல்லாங்காட்டி அவருக்கு நிம்மதி. வேற ஆள வெச்சி நெய்வாரு. அவன்கிட்டயாச்சும் பேசுவாரு" என்றான்.

"இத உங்க அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. எல்லாத்தையும் நீங்கதான சொல்றீங்க."

அவன் கையைப் பிடித்தேன். பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கொழுந்தன் கையை அண்ணி பிடிப்பதா என்று பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அந்த மாசம் முழுக்கத் தெருவில் பேசப்பட்ட விஷயம் அதுதான். ஒரு உயிர் போக இருந்தது அவர்களுக்கு அவ்வளவு சுவாரஸ்யமாக இல்லை.

மாமனார் தறிக் குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கடை விடுமுறை, என் வீட்டுக்காரரும் இருந்தார். பையனை அவன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, வழக்கமாகச் சொல்கிற மாதிரியே, அதே குரலில் சொன்னேன்.

"மாமா, உங்க புள்ள செத்துப் போவப் போறேன்னு சொல்றாரு. நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

மாமியார் செய்த முதல் வேலை, ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தியது. பிள்ளையிடம் ஓடவில்லை, கதவுக்கு ஓடினாள். "விளக்கு வெக்கிற வூட்டுல இன்னா பேச்சு பேசற நீ" என்று என்னைத்தான் ஏசினாள். என் வீட்டுக்காரர், "அவன் சும்மா சொல்லியிருப்பான்" என்றார். கடிகாரத்தை அவர் மடியில் போட்டேன். "சும்மாதான் இத உங்களுக்குக் குடுத்தாரா? சும்மாதான் சைக்கிள குடுத்தாரா?" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். எழுந்துபோய்த் தம்பி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவருக்காவது புத்தி வேலை செய்தது.

மாமனார் நாடாவைக் கையில் பிடித்தபடி இருந்தார். கடைசியில் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்துத்தான்.

"அப்டியெல்லாம் செய்ய வேணாம்னு அவன்கிட்ட சொல்லும்மா."

எனக்கு வந்த அருவருப்பை இப்போதும் எழுத்தில் கொண்டுவர முடியாது. பிள்ளை சாகப் போகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், இந்த மானஸ்தருக்கு அப்போதும் ஆள் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

"நான் சொல்ல மாட்டேன் மாமா. இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். கழுத்தத் திருப்பினா உங்க புள்ள. நீங்களே சொல்லுங்க."

மருமகள் மாமனாரிடம் இப்படிப் பேசினாள் என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். நான் நகரவில்லை. கழுத்தைத் திருப்ப அந்த மனிதர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு முழம் நெய்திருக்கலாம். திருப்பினார். ஆடியிலிருந்து பார்க்காத பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அது எவ்வளவு இளைத்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கண்ணுக்குமே தெரிந்தது.

"ஏண்டா" என்றார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும், "ஏண்டா" என்றார். அப்புறம் சொன்னார்: "நீ இல்லாங்காட்டி நான் ஒத்தையில எப்பிடிடா நெய்வேன்?"

ஆசையாக ஒரு வார்த்தை கிடைக்கவில்லை அவருக்கு. தறிக்கு ஆள் குறையும் என்பதுதான் கிடைத்தது. கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பையன் அந்த ஒரு அல்ப வார்த்தைக்கு அழுதான். அண்ணன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். இவ்வளவு சின்ன வார்த்தைக்கா ஒருவன் இத்தனை மாதம் பட்டினி கிடந்தான் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அழுதவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. அப்படி ஆகும் என்று நினைக்கிறவர்கள் சினிமாவில் இருப்பார்கள். அன்றிலிருந்து அவனைத் தனியாக விடவில்லை. அண்ணன் அவன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் நானும் என் வீட்டுக்காரரும் ஒளிக்காமல் சொன்னோம். அவர் ஒரு நல்ல மனிதர். இது மருந்தும் பேச்சும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் என்று மெட்ராஸில் ஒரு மனநோய் டாக்டரிடம் அனுப்பினார். வருஷத்துக்கும் மேல் போய்வந்தோம். நடுவில் மோசமான நாட்களும் இருந்தன. அவனுக்கு இன்று பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் காது புளிக்கப் பேசுகிறான். மெட்ராஸ் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்ட தெருவுக்கு மாமியார் சொன்ன பதில், பையனுக்கு வயிற்று வலி.

மெட்ராஸுக்கு முதல் தடவை போனபோது மாமனாரும் வந்தார், காஞ்சிபுரத்து டாக்டர் வரச் சொல்லியிருந்தார். மெட்ராஸ் டாக்டர் அவரிடம் கேட்ட முதல் கேள்வியே, "உங்க பையனுக்கு என்னென்ன பிடிக்கும்?" என்பதுதான். மாமனார் டாக்டரைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னாம்மா புடிக்கும் அவனுக்கு?" என்றார்.

பையன் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். டாக்டரும் உதவிக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் மாமனார் பிள்ளை பக்கம் திரும்பி, புது ஊரில் வழி கேட்கிறவர் மாதிரி, "இன்னாடா புடிக்கும் உனக்கு?" என்றார்.

அவன் யோசித்தான். "தெரியலபா. யாரும் கேட்டதில்ல" என்றான். அவசரமில்லை, யோசித்துச் சொல்லட்டும் என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ் ஸ்ரீபெரும்புதூரில் நின்றது. அப்பாவும் பிள்ளையும் எனக்கு முன் சீட்டில். கூடைக்காரி ஒருத்தி கமலாப்பழத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். கொழுந்தன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் கிளம்பப் போகும் சமயத்தில், "எனக்கு கமலாப்பழம் புடிக்கும்பா" என்றான்.

மாமனார் பதறிக்கொண்டு மடியை அவிழ்த்தார். இரண்டு பழம் வாங்கி அவன் கையில் திணித்தார். திணித்துவிட்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?" என்று அதட்டினார்.

எனக்கு அந்த ஆளின் குடுமியைப் பிடித்து ஆட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் என் கொழுந்தன் சிரித்தான். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். என்னடா சிரிப்பு, என்னடா சிரிப்பு என்று மாமனார் அவனையே கேட்டுக்கொண்டு வந்தார். கடைசி வரைக்கும் அவருக்குப் புரியவில்லை.